சாவு வீட்டுக்கு ஒரு பிளாஸ்க் சோயா காபி

காபி கடையில் வேலை பார்த்துத்தான் நான் என் கல்யாணச் செலவையே சமாளித்தேன். எத்தனையோ பேருக்கு நுரைமேல் இதயம் வரைந்து காபி கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் ஒருவர்கூட இன்றுவரை என் கையால் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடிக்க மாட்டார். தண்ணீர் கேட்பார்கள். மோர் கேட்பார்கள் (அதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான்). காபி என்ற பேச்சை எடுத்தால் மட்டும், "நீ உட்காரும்மா, உனக்கேன் சிரமம்" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு நான் செய்த காரியத்துக்கு இதுவே குறைந்த தண்டனை.

அப்போது பெங்களூரில் பெரிய ரோடு ஒவ்வொன்றிலும் கண்ணாடி போட்ட காபி கடைகள் வர ஆரம்பித்திருந்தன. எங்கள் அல்சூர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்று திறந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு, அதாவது அங்கே பி.யூ.சி., முடித்துவிட்டு வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தலையில் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், நெஞ்சில் 'சுமதி' என்று பெயர்ச் சீட்டு. அம்மா தெருவில் எல்லோரிடமும் "எம்பொண்ணு காபி கம்பெனியில ஆபீசரு" என்று சொல்லி வைத்திருந்தாள். கடைக்கு மிக அருகில் வீடு என்பதால் காலையில் ஷட்டர் திறக்கிற சாவி என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து நானும் என்னை ஆபீசர் என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

கடையில் பால் இரண்டு வகை. மாட்டுப் பால் ஒன்று. அட்டைப் பெட்டியில் வரும் சோயா பால் இன்னொன்று. சோயா பால் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரர்கள் சிலர், யோகா வகுப்புக்குப் போய் வந்தவர்கள் சிலர், பால் குடித்தால் வயிறு ஊதிக்கொள்ளும் ஓர் அம்மாள். ஆனாலும் வருகிற எல்லோரிடமும் "எந்தப் பால் போடட்டும்?" என்று கேட்க வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. கேட்டால்தான் பெரிய கடை என்று தெரியுமாம்.

அப்படித்தான் ஒருநாள் எங்கள் ஏழுமலை பெரியப்பா கடைக்கு வந்தபோது அவரிடமும் கேட்டுத் தொலைத்தேன். பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அல்சூரில் அந்தக் காலம் முதல் மாடு வைத்து வீடு வீடாகப் பால் கொடுத்தவர். அவர் மகன் சேகர் அண்ணன்தான், "சாணி கொட்டக்கூட எடம் இல்ல, கார்ப்பரேஷன்காரன் தெனமும் வந்து நிக்கறான், போதும்பா" என்று சொல்லி மாடுகளை விற்க வைத்தார். கடைசி மாடு ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம் போனது. அதற்குப் பிறகு வீட்டில் பாக்கெட் பால். பெரியப்பா அந்தக் காபியைக் கஷாயம் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

"பால்ல இன்னாமா ரெண்டு?" என்றார் பெரியப்பா.

"இது மாட்டுப் பால் பெரியப்பா. அது சோயா. பயறு மாதிரி ஒண்ணு, மொச்சக்கொட்ட மாதிரி. அத ஊற வச்சி அரைச்சி எடுக்கறது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொச்சக்கொட்டைக்கு மடி எங்க இருக்குது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்ன கொடுத்தும் வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

சில மாதம் கழித்து, காலையில் எழுந்திருக்காமலே அவர் இறந்துபோனார்.

மறுநாள் ஊர் முழுக்க பந்த் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். எதற்கு பந்த் என்பது இங்கே முக்கியமில்லை. பெங்களூரில் எதற்காக பந்த் வந்தாலும் எங்கள் தெருவில் முதல் வேலையாகத் தமிழ்ச் சேனலின் சத்தத்தைக் குறைத்து வைப்போம், அவ்வளவுதான். "நாளைக்கு வண்டி ஓடாது, இன்னைக்கே எடுத்துடணும்" என்று எல்லோரும் பரபரத்தார்கள். ஒப்பாரியைக்கூட அவசரமாகத்தான் பாட வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் பெரியப்பாவைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலையில் பால் தெளிக்க வேண்டும். ஊரில் பால் வண்டியே வரவில்லை. பந்திலிருந்து பாலுக்கு விலக்கு உண்டு என்றுதான் சொன்னார்கள். அந்த விலக்கு எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. எப்படியோ யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு சிறிய சொம்பில் பால் கொண்டுவந்துவிட்டார். ஆண்கள் அதை எடுத்துப் போய்ப் புதைமேட்டில் ஊற்றிவிட்டு வந்தார்கள். ஆகப் போனவருக்குப் பால் கிடைத்துவிட்டது. இருக்கிறவருக்குத்தான் இல்லை.

இருக்கிறவர் என்றால் பெரியம்மா. பெரியப்பா போன நேரத்திலிருந்து அவர் வாயில் சொட்டுத் தண்ணீர் படவில்லை. அழவும் இல்லை, பேசவும் இல்லை. சுவரில் சாய்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரி. முந்தைய நாள் ஒருமுறை மயங்கி விழுந்தார். அன்று காலையில் மறுபடியும் விழுந்தார். பக்கத்துத் தெரு நர்சம்மா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது உள்ள போயே ஆகணும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போக இன்னைக்கு ஆட்டோகூட கிடைக்காது, பாத்துக்கோங்க" என்று சேகர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மொட்டையடித்த தலையோடு அண்ணன் வாசலில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் முயன்று பார்த்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். இளநீர் கொடுத்தார்கள், கழுத்து வழியாக வழிந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் எதிர் வீட்டுக்காரம்மா தன் வீட்டில் பாலில்லாத கருப்புக் காபி போட்டு எடுத்து வந்தார். பெரியம்மா அதை ஒருமுறை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாலில்லாத காபி அந்த வீட்டுக்குள் வந்ததே கிடையாது. காபியைப் பார்த்தாரே என்பதுதான் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கையாக இருந்தது. அதுவரை அவர் வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஊர்ல இருக்கற சேட்டுக்கெல்லாம் காபி போட்டுக் குடுக்கற. ஒம் பெரியம்மாவுக்கு ஒரு டம்ளர் பால் காபி கொண்டார மாட்டியா?"

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பி இல்லாமலே நான் ஆபீசர் ஆனேன்.

"கடையில பால் இருக்குது. சாவி எங்கிட்ட இருக்குது" என்றேன். (எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை என் சித்தி இன்றும் நடித்துக் காட்டுவார்.)

அப்பா தன் மொபெட்டை எடுத்தார். அண்ணனை மண்ணில் வைத்துவிட்டு வந்த மனிதர். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஓர் இடத்தில் டயர் எரிந்து கரியாகிக் கிடந்தது. கடைக்கு முன்னால் இறங்கி, ஷட்டரைக் குனிந்து நுழைகிற அளவுக்கு மட்டும் தூக்கிவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே ஒரே இருட்டு. பந்த் நாளில் ஏதாவது தீப்பற்றிவிடப் போகிறதென்று மேனேஜர் முந்தைய நாளே மெயினை அணைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படியானால் ஃப்ரிட்ஜும் நின்றுபோயிருக்கிறது. மெயினைப் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாக்கெட்டை உடைத்து ஊற்றிய மாட்டுப் பால் ஒரு ஜாடியில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போனதாகவும் சொல்ல முடியவில்லை, நல்லதாகவும் சொல்ல முடியவில்லை. கெடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பால் அது. 'சந்தேகம் இருந்தால் கொட்டிவிடு' என்று எங்களுக்குப் பயிற்சியில் மந்திரம்போலச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேலே அலமாரியில் பிரிக்காத சோயா பால் பெட்டி ஒன்று நின்றது. அதற்கு ஃப்ரிட்ஜும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை.

ஒரு கையில் ஜாடி, ஒரு கையில் பெட்டி. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை இப்போதும் கண்ணில் நிற்கிறது. கெட்ட பாலில் காபி போட்டு, ஏற்கெனவே மயங்கிக் கிடக்கிற பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தால்? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிடையாது. வீட்டில் இன்னொரு சாவு என் கையால் விழும். சோயா பாலில் அந்தப் பயமில்லை. வெள்ளையாகத்தானே இருக்கிறது, காபியில் கலந்தபிறகு எவருக்குத் தெரியப்போகிறது? பயிற்சி பெற்ற அறிவாளியாகிய நான் சோயாவைத் தேர்ந்தெடுத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். சோயா பாலை ஓர் அளவுக்கு மேல் சூடாக்கக் கூடாது, கொதிக்கிற டிகாக்‌ஷனில் கொட்டக் கூடாது, மெதுவாக ஊற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் தெரியும். ஆனால் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா பொங்க வையிம்மா. சாவு வீட்டுக்குப் போறது" என்றார். கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

எப்படி மறுப்பேன்? பொங்காத பாலை நம்புகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. பொங்கி வழிந்தால்தான் எங்களுக்கு அது பால். மெஷினின் நீராவிக் குழாயை ஜாடிக்குள் விட்டுப் பிடித்தேன். சோயா பால் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. "இன்னொரு வாட்டி" என்றார் அப்பா. இன்னொரு தடவையும் பொங்க வைத்தேன். கொதிக்கக் கொதிக்க டிகாக்‌ஷன் இறக்கி, கை நிறையச் சர்க்கரை அள்ளிப் போட்டு, ஒன்றாகக் கலந்து பிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகினேன். வெனிலா வாசனை கமகமவென்று வந்தது. பெட்டியை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். வெனிலா போட்ட சோயா.

அந்த நேரம் பார்த்து ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"யாரு ஒளகடே? இவத்து பந்த் அந்த கொத்தில்வா?"

யார் உள்ளே, இன்றைக்கு பந்த் என்று தெரியாதா என்று கேட்கிறார்கள். குனிந்து பார்த்தால் செருப்புப் போட்ட கால்கள் நிறையத் தெரிந்தன. கழிகளின் அடிப்பக்கமும் தெரிந்தது. அப்பா ஷட்டரைத் தூக்கிவிட்டார். கழுத்தில் துண்டு போட்ட ஏழெட்டுப் பேர். முன்னால் நின்ற தடித்த மனிதர் கண்ணாடியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதை முதலில் உடைக்கலாம் என்று யோசித்ததுபோல எனக்குப் பட்டது.

அப்பா கையைக் கூப்பினார். எங்கள் அல்சூர்க்காரர்களுக்குக் கன்னடம் அழுகையிலும் தடங்கலில்லாமல் வரும். "நம்ம அண்ணா தீர்கொண்ட்ரு சார்" என்றார். அண்ணன் இறந்துவிட்டார், அண்ணி இரண்டு நாளாக எதுவும் குடிக்கவில்லை, ஒரு டம்ளர் காபிக்காகத்தான் கடையைத் திறந்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் உடைந்து அழத் தொடங்கிவிட்டார். இடுகாட்டில்கூட அழாதவர்.

தடித்த மனிதர் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்பாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பிறகு அந்தத் தடித்த மனிதர் தயக்கத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: காலையிலிருந்து தாங்களும் காபி குடிக்கவில்லை, எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை, கொஞ்சம் கிடைக்குமா?

மூட வைத்ததே நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. அதற்குப் பதிலாக ஃப்ரிட்ஜைத் திறந்து, யோசித்துக்கொண்டிருந்த அந்த மாட்டுப் பாலை எடுத்தேன். பெரியம்மாவுக்கு ஆகாத பால் இவர்களுக்கு ஆகும். ராத்திரிக்குள் பந்த் தானாகவே கலையட்டும் என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. மொத்தப் பாலையும் ஊற்றி நுரை தள்ளி ஆளுக்கொரு கப் கொடுத்தேன்.

தடித்த மனிதர் ஒரு வாய் குடித்தார். மீசையில் ஒட்டிய நுரையை நாக்கால் துடைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹாலு பஹள சென்னாகிதே" என்றார். பால் ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

பின்னால் நின்றவர் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். இன்னொருவர் கப்பைச் சாய்த்து அடியில் கிடந்ததையும் உறிஞ்சினார். கெட்ட பாலாக இருந்திருந்தால் அந்தச் சூட்டுக்கு ஜாடியிலேயே திரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல பால். அருமையான பால். அத்தனையும் தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னாமா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

நன்றியுள்ள மனிதர்கள். வழியில் வேறு யாரும் எங்களை நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு பைக்குகளில் முன்னும் பின்னும் எங்களோடு வந்தார்கள். அப்பாவின் மொபெட் நடுவில். பின்சீட்டில் நான், மடியில் பிளாஸ்க். கொடி பறக்க, ஹாரன் அடித்துக்கொண்டு, பெங்களூர் முழுக்கப் பால் இல்லாத நாளில் பால் இல்லாத ஒரு காபிக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. தெருமுனையில் நிறுத்தி எங்களைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் பிளாஸ்குக்குள் ஏதோ கட்டியாகப் புரண்டதை மடியிலேயே உணர்ந்தேன். உணராததுபோல உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கூட்டம் விலகி வழிவிட்டது. சேகர் அண்ணன் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அம்மா டம்ளரை நீட்டினாள். நான் பிளாஸ்கைச் சாய்த்தேன்.

முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் விழுந்தன. கடைசியாகத் தயிர்போல ஒரு பெரிய கட்டி வாயை அடைத்துக்கொண்டு நின்று, பிறகு பொத்தென்று டம்ளரில் விழுந்தது. காபி தெறித்து அம்மாவின் புடவையில் பட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்கார அம்மாள் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாலு திரிஞ்சிடுச்சிடி."

"சாவு வூட்டுக்கு வந்த பாலு..."

"மனசு ஆறாம போயிருக்காரு மனுசன்."

"பாலுலயே வாழ்ந்தவரு ஆச்சே. பாலுலயே வந்து காட்டறாரு பாரு."

அவ்வளவுதான். அடங்கியிருந்த ஒப்பாரி மறுபடியும் கிளம்பியது. முந்தைய நாள் அவசரத்தில் பாடாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பாடினார்கள். அதில் ஒரு குரல், மாட்டை விற்ற மகனைப் பற்றியும் ஒரு வரி போட்டது. சேகர் அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "நான்தான் விக்க வச்சேன். எங்கப்பா எம்மேல கோவமா போயிட்டாரு. நான்தான், நான்தான்" என்று மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டார். அடி ஒவ்வொன்றும் சத்தமாகக் கேட்டது. அவர் மார்பில் சாய்ந்திருந்த பெரியம்மாவின் உடம்பும் அதோடு ஆடியது.

என் வாழ்க்கையில் அதைவிட அசிங்கமான நேரம் இருந்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பெரியப்பாவின் ஆத்மாவோடு போய்விடும். என்னை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தார். பார்க்க முடியவில்லை.

"ஐயோ நிறுத்துங்க! அது பாலே இல்ல!" என்று கத்திவிட்டேன்.

ஒப்பாரி நின்றது.

"சோயா. கடையில பால் கெட்டிருக்கும்னு நெனச்சி சோயா போட்டேன். ரொம்பக் கொதிக்க வச்சா அது திரிஞ்சிடும். எம் மேலதான் தப்பு. பெரியப்பா ஒண்ணும் பண்ணல."

"சோயான்னா?" என்று கேட்டார் தூரத்துச் சொந்தக்கார அம்மாள்.

சாவு வீட்டின் நடுக்கூடத்தில், பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் அத்தனை பேருக்கும் சோயா பாலைப் பற்றி விளக்கம் சொன்னேன். பயறு மாதிரி, மொச்சை மாதிரி, ஊற வைத்து, அரைத்து, வடிகட்டி என்று கையால் அரைத்துக்கூடக் காட்டினேன். சீன நாட்டில் ரொம்ப காலமாகக் குடிக்கிறார்கள் என்றும் சொன்னேனாம். (அதைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சித்தி சத்தியம் செய்கிறார்.) மாட்டுப் பாலை என்ன செய்தாய் என்று அம்மா கேட்டாள். "பந்த் பண்றவங்க குடிச்சிட்டாங்க" என்றேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது பெரியம்மா கையை நீட்டினார்.

"கொண்டா" என்றார்.

பெரியப்பா போனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அம்மா டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க்கா, இத போயி..."

"கொண்டாடி."

வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்திருந்து, மென்று, விழுங்கினார். பால்காரர் வீட்டில் வாழ்ந்த நாக்கு அது. கறவை மாறியிருந்தாலே கண்டுபிடிக்கிற நாக்கு.

"இது பாலு இல்ல" என்றார்.

"இல்ல பெரியம்மா" என்றேன்.

டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாக, அடுத்த வீட்டுச் சேதி கேட்பதுபோலக் கேட்டார். "அவரு இருந்தா இது வாசப்படி தாண்டி உள்ள வந்திருக்குமா?"

சேகர் அண்ணன்தான், "வந்திருக்காதும்மா" என்றார்.

"அப்ப அவரு இல்ல."

சொல்லிவிட்டு எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் சுற்றிப் பார்த்தார். அதுவரை அவருக்கு யாரும் சேதி சொல்லியிருக்கவில்லை என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மீதிக் காபியைக் கட்டியோடு சேர்த்து முழுவதும் குடித்தார். மென்றுகொண்டே அழுதார். கண்ணீரும் மூக்கும் சோயாவுமாக முந்தானையெல்லாம் நனைந்தது. பிளாஸ்கில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு அதையும் வாங்கிக் குடித்தார். நர்சம்மா வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தி வந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் கையால்தான் அவருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது. பிழைக்க வைத்தேனா, உடைத்துப் போட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே டம்ளரில்தான் இருந்தன.

பெரியம்மா பிழைத்தார். துக்கம் ஆற ஆற, சொந்தக்காரர்கள் அந்தக் காலையை எடுத்து வைத்துக்கொண்டு என்னை வறுக்க ஆரம்பித்தார்கள். அதில் முதல் ஆள் பெரியம்மாதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் அவர் முன்னால் வந்து, "பயப்படாம குடிங்க. நான் போட்டது. இவளை அடுப்பங்கரைப் பக்கமே விடல" என்று சொன்னார். அவர்கள் காரணம் கேட்டார்கள். ஒன்று விடாமல் சொன்னார். கட்டி விழுந்த சத்தத்தைக்கூட வாயால் செய்து காட்டினார். அந்த மனிதர்கள் அதற்குப் பிறகும் என்னைக் கட்டிக்கொண்டு போனது அவர்கள் பெருந்தன்மை.

சில வருடம் கழித்துப் பெரியம்மாவும் போய்விட்டார். எனக்கு அன்று ஒரு வேலையும் கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவப் போனபோதுகூட, பால் பாத்திரத்தை யாரோ கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். மறுநாள் பால் தெளிக்க ஆண்கள் போனார்கள். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே நடந்ததை அப்பா வந்துதான் சொன்னார். சேகர் அண்ணன் சொம்பைக் கையில் வாங்கியிருக்கிறார். அம்மாவின் புதைமேட்டுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறார். ஊற்றப் போனவர், சட்டென்று நிறுத்தி, சொம்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்களை நிமிர்ந்து கேட்டாராம்:

"இது சுமதி வாங்கினு வந்ததா?"

இடுகாட்டில் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்களாம். அண்ணனும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குப் பாலை ஊற்ற முடியாமல் போய், கடைசியில் அப்பாதான் அவர் கையைப் பிடித்து ஊற்ற வைத்தாராம்.